தட்டத்தில் தடுப்பு வைக்கும் முன்

பின்வளவில் மேப்பிள் பாகு காய்ச்சும் ஒன்ராறியோத் தமிழ் நண்பர்களே,

மேப்பிள் மொட்டுகள் வெடித்துவிட்டன. இனி வரும் சாற்றைக் காய்ச்சினால் அந்தப் பாகை வாயில் வைக்க முடியாது. வாளிகளைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. இனியாவது ஓய்ந்திருப்பீர்கள் என்று பார்த்தால், அடுத்த மார்ச்சுக்குள் காய்ச்சும் தட்டத்தை மாற்றிக் கட்டியே தீருவது என்று கிளம்பியிருக்கிறீர்கள். யாரைச் சந்தித்தாலும் தடுப்புத் தகடு, வெல்டிங், வால்வு என்பதுதான் பேச்சு. ஒருவர் பண்ணை ஏலத்தில் பழைய தகரத் தட்டம் ஒன்றை மலிவாக எடுத்துவந்து கராஜில் சாய்த்து வைத்திருக்கிறார். இன்னொருவர் புதுத் தட்டத்துக்குள் தகடுகளை ஒட்ட, குழாய் வேலைக்கு வாங்கிய மிச்ச ஈயக் கம்பியைத் தேடிக்கொண்டிருக்கிறார். இந்த இருவரையும் நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சொல்லவேண்டியது உங்கள் எல்லாருக்கும் பொதுவானது.

நாம் யாரும் இந்த வேலையைப் பரம்பரையாகக் கற்றவர்கள் அல்லர். பிள்ளைகளின் பள்ளிச் சுற்றுலாவோடு ஒட்டிக்கொண்டு சர்க்கரைக் காட்டுக்குப் போனோம். எல்மைராவில் 1965 முதல் நடக்கும் மேப்பிள் திருவிழாவில் வரிசையில் நின்று அப்பம் தின்றோம். லானார்க் பக்கத்துக் கொட்டகைகளில் ஆவி மூடிய பெரிய எந்திரத்தை வாய் பிளந்து பார்த்தோம். அந்த எந்திரத்தின் முன் தட்டத்தில் தடுப்புகள் இருந்தன. சாறு ஒரு பக்கம் புகுந்து, தடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடி, மறுமுனையில் பொன்னிறப் பாகாக வழிந்தது. அது மனதில் பதிந்துவிட்டது. அதனால்தான் தடுப்பு இருந்தால் எந்திரம், இல்லாவிட்டால் வெறும் தகரம் என்று நினைக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குள்ள முதல் குறை இதுதான். கண்ணுக்குத் தெரிந்த பகுதியை மட்டும் நகலெடுக்கிறீர்கள். அந்த எந்திரத்தை ஓட்டுவது தட்டத்துக்குக் கீழே, கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். சர்க்கரை மேப்பிளின் சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ 2 சதவீதம்தான். வெர்மான்டைச் சேர்ந்த ஜோன்ஸ் என்ற வேதியியலாளர் சுலபமான விதி ஒன்றைத் தந்திருக்கிறார்: 86ஐச் சாற்றின் சர்க்கரை வீதத்தால் வகுத்தால் ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்பது வரும். 2 சதவீதமானால் 43 லிட்டர். சாறு சற்று இனித்து 2.5 சதவீதமானால் 34. தெருவோரத்து நோர்வே மேப்பிளில் 1.5 சதவீதம்தான் கிடைத்தது என்றால் 57. ஊரில் கருப்பநீர் காய்ச்சியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்கள் மிரட்டலாகத்தான் இருக்கும். பனையின் சாறு மேப்பிளைவிடப் பல மடங்கு இனிப்பு. பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரை உண்டு. அங்கே ஒரு லிட்டர் பாகுக்கு ஏழெட்டு லிட்டரே போதும் என்பதால், குழிந்த தாச்சியும் மூன்று கல் அடுப்பும் அந்த வேலைக்குத் தாங்கின. இங்கே நாம் செய்வது பெரும்பாலும் தண்ணீரை விரட்டும் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தண்ணீரை விரட்டுவது நெருப்பு. ஒரு கிலோ தண்ணீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதில் எந்தத் தட்டமும் தள்ளுபடி தராது. 40 லிட்டர் சாற்றை ஒரு லிட்டராக்க, குளிர்ந்த சாற்றைச் சூடாக்கும் செலவையும் சேர்த்து, சுமார் 100 மெகாஜூலுக்குச் சற்று மேல் ஆகும். வெப்பத்தில் ஒரு துளியும் வீணாகாத அடுப்பானால் ஏழு கிலோ காய்ந்த விறகில் அது முடிந்துவிடும். உங்கள் சீமெந்துக் கல் அடுப்பு ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை கிலோ தின்கிறது? தள்ளுவண்டி தள்ளுவண்டியாக விறகு போகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் மிச்ச வெப்பம் எங்கே போகிறது? கல்லிடுக்கில் போகிறது, புகைபோக்கியில் போகிறது, தட்டத்தின் விளிம்புக்கும் அடுப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் போகிறது. தட்டத்துக்குள் நான்கு தகடு நிறுத்திவிட்டால் அந்த வெப்பம் திரும்பி வந்துவிடுமா?

பழைய ஆட்கள் எந்த வரிசையில் முன்னேறினார்கள் என்று பார்த்தாலே இது விளங்கும். ஐரோப்பியர் வரும் முன்பே இந்த மண்ணின் அனிஷினாபே முதலான மக்கள் மேப்பிள் சர்க்கரை செய்தார்கள். உறைந்த சாற்றின் மேலிருந்த பனிக்கட்டியை எடுத்து எறிந்து, நெருப்பே இல்லாமல் சாற்றைத் தடிப்பாக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குடியேறியவர்கள் இரும்புக் கொப்பரைகளைத் தொங்கவிட்டுக் காய்ச்சினார்கள். தட்டையான தகரத் தட்டம் வந்ததும் கொப்பரை ஒதுங்கியது. ஆவி பறக்கும் பரப்பு பெருகியதுதான் காரணம். காய்ச்சும் தட்டத்துக்கான ஆரம்பக் காப்புரிமைகளில் ஒன்று 1858இல் வந்தது. 1872இல் இரண்டு தட்டங்களை ஒரே இரும்பு அடுப்பின் மேல் பூட்டிய அமைப்பு வந்து, காய்ச்சும் நேரத்தைப் பெருமளவு குறைத்தது. 1900ஐ ஒட்டி, தட்டத்தின் அடித்தகட்டை மடிப்பு மடிப்பாக வளைத்து நெருப்பு படும் பரப்பை இன்னும் கூட்டினார்கள். நேரம் மிச்சமானதெல்லாம் நெருப்பையும் பரப்பையும் கூட்டியதால்தான். தடுப்பு செய்வது வேறு வேலை. தடித்த பாகும் புதுச் சாறும் ஒன்றோடொன்று கலக்காமல் அது வரிசைப்படுத்துகிறது. காய்ச்சலை நிறுத்தாமலே ஒரு முனையில் பாகை இறக்க வழிசெய்கிறது. நல்ல வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலை உங்களுக்குத் தேவையா?

உங்களில் பலரிடம் இருப்பது இரண்டு அடிக்கு மூன்று அடித் தட்டம். அதில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குச் சாறு நின்றால் 28 லிட்டர் பிடிக்கும். தடுப்பு வைத்து ஓடவிட்டால், புகுமுனையில் 2 சதவீதமும் விடுமுனையில் 66 சதவீதமுமாக அடர்த்தி படிப்படியாக ஏறவேண்டும். எங்குமே கலக்காமல் அப்படி வரிசை கட்டினால்கூட அந்த 28 லிட்டருக்குள் ஏறத்தாழ 2 கிலோ சர்க்கரை இருக்கும். அதாவது முதல் சொட்டுப் பாகு வால்வில் எட்டிப் பார்க்கும் முன் 100 லிட்டர் சாறு தட்டத்துக்குள் போயிருக்க வேண்டும். கொதிப்பில் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும், ஆகவே உண்மையில் அதைவிடக் கூடுதலாகும். மரத்தில் போடும் ஒரு துளைக்குப் பருவம் முழுதும் 40 லிட்டர் கிடைத்தாலே நல்ல வருடம். பத்து மரம் வைத்திருக்கும் உங்களுக்கு மொத்தமே 400 லிட்டர், அதுவும் நான்கைந்து வார இறுதிகளாகப் பிரிந்து வருகிறது. ஒவ்வொரு வார இறுதியிலும் அடர்த்தி வரிசை கட்டி முடிக்கும் நேரத்தில் சாறு தீர்ந்துவிடும். நெருப்பு அணைந்து இரவில் ஆறியதும் தடுப்பு வாய்கள் வழியே எல்லாம் மெல்லக் கலந்துவிடும். அடுத்த சனிக்கிழமை வரிசை மறுபடி முதலிலிருந்து. இதற்காகவா நல்ல தட்டத்தில் துளை போடுகிறீர்கள்?

அதற்குப் பதிலாக, எதையும் வெட்டாமல் ஒட்டாமல் முதலில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். தட்டத்தில் வெறும் தண்ணீரை நிரப்பி, மார்ச்சில் எரிப்பதுபோலவே எரியுங்கள். நன்றாகக் கொதி பிடித்ததும் ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அந்த மட்டம் இறங்காதபடி அளந்து அளந்து ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் ஊற்றினீர்களோ அதுதான் உங்கள் அடுப்பின் உண்மை. தட்டையான தட்டத்தில் சதுர அடிக்கு மணிக்கு ஓர் அமெரிக்க கலன், அதாவது 3.8 லிட்டர் என்பது நன்றாக அமைந்த அடுப்பின் அளவு. உங்கள் ஆறு சதுர அடிக்கு அது 22 லிட்டருக்குச் சற்று மேல் வரும். பத்து, பதினொன்றுதான் வருகிறது என்றால் தட்டத்தில் குற்றமில்லை, அடுப்பில் குற்றம். 200 லிட்டர் சாற்றை அந்த வேகத்தில் காய்ச்சினால் சனிக்கிழமை விடிய ஆரம்பித்து நள்ளிரவு வரை போகும். வேகம் இரட்டித்தால் மாலைக்குள் வீட்டுக்குள் போகலாம். மனைவிமாரும் கணவன்மாரும் இந்தப் பொழுதுபோக்கை வெறுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் துணிபு.

அடுப்பில் என்ன செய்வது? இதைத்தான் நிறையப் பேச ஆசை, ஏனென்றால் இதைத்தான் நீங்கள் பேசுவதே இல்லை. உங்கள் அடுப்புகளில் நெருப்பு தட்டத்திலிருந்து வெகு கீழே கிடக்கிறது. சுவாலை மேலே எட்டுவதற்குள் புகைபோக்கி அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. விறகு எரியும் இடம் ஆழமாக இருக்கட்டும். ஆனால் அதற்குப் பின்னால் அடுப்பின் தரையைச் சரிவாக உயர்த்தி, தட்டத்தின் அடிக்கும் தரைக்கும் இடையே சில அங்குலம் மட்டும் விடுங்கள். அப்போது சுவாலை வேறு வழியின்றித் தட்டத்தின் அடிவயிற்றை நக்கிக்கொண்டே பின்னால் போகும். விறகைத் தரையில் போடாமல் இரும்புக் கிராதி மேல் அடுக்கினால் கீழிருந்து காற்று ஏறும். கதவை மூடி வைத்து அந்தக் கீழ்வாயால் மட்டும் காற்று விடுங்கள். திறந்த கதவால் நுழையும் குளிர்காற்று தட்டத்தை ஆற்றுகிறது. சீமெந்துக் கல் சூட்டில் வெடிக்கும், ஆகவே உள்பக்கம் தீச்செங்கல் வையுங்கள். செங்கல்லுக்குப் பின்னால் பீங்கான் நார்ப் போர்வை வைத்தால் பக்கச் சுவரால் போகும் வெப்பம் தங்கும். அதை வெட்டும்போது முகமூடி கட்டாயம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தட்டத்தின் விளிம்பு அடுப்பில் உட்காரும் இடத்தில் அதே நாரைக் கயிறாக ஓட்டி அடையுங்கள். புகை அந்த இடுக்கால் வந்து பாகில் இறங்குவதும் நிற்கும். விறகு மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்ததாக, ஒரு கோடை முழுக்கக் காய்ந்ததாக இருக்கட்டும். பெரிய கட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கதை பேசுவது குளிர்காயும் நெருப்புக்குச் சரி. பாகு நெருப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடவேண்டும்.

அடுத்தது குளிர்ந்த சாறு. வாளியிலிருந்து நாலு டிகிரிச் சாற்றை மொண்டு அப்படியே கொட்டுகிறீர்கள். கொதி நின்றுவிடுகிறது, மறுபடி எழுவதற்குக் காத்திருக்கிறீர்கள். ஒரு லிட்டர் சாற்றை நாலு டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 400 கிலோஜூல் ஆகும். சூடாக்குவதையும் ஆவியாக்குவதையும் சேர்த்த மொத்தச் செலவில் இது 15 சதவீதம். புகைபோக்கியை ஒட்டியோ தட்டத்தின் ஒரு ஓரத்துக்கு மேலோ ஒரு சிறு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரத்தைத் தாங்கி வைத்து, அதன் அடியில் ஒரு சிறு வால்வு பூட்டி, சாறு அங்கே சூடேறி மெல்லிய தாரையாகத் தட்டத்துக்குள் இறங்கும்படி செய்துவிட்டால், வீணாய்ப் போகும் வெப்பத்தில் அந்தப் 15 சதவீதத்தில் பெரும்பகுதியை மீட்கலாம். கொதியும் தடைபடாது. உணவகங்களில் சாப்பாட்டைச் சூடாக வைக்கும் நீள்சதுரப் பாத்திரம் ஒன்று இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். நம்மவர் நடத்தும் கேட்டரிங் சமையலறைகளில் அதற்குப் பஞ்சமில்லை.

தட்டத்தில் கைவைத்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு ஒரே ஒரு மாற்றத்தை மனதாரச் சொல்கிறேன்: அடியோரத்தில் ஒரு வடிவாய், அதில் ஒரு வால்வு. அதன் காரணத்தையும் கேளுங்கள். 200 லிட்டர் சாற்றில் 4 கிலோ சர்க்கரை. அது முழுப் பாகாகும்போது நாலரை லிட்டர்தான் மிஞ்சும். இரண்டு அடிக்கு மூன்று அடித் தட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஐந்தரை லிட்டர். ஆகவே உங்கள் முழு வார உழைப்பும் கடைசியில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த படலமாக, கீழே கொழுந்துவிட்டு எரியும் நெருப்பின் மேல் கிடக்கும். தட்டம் ஒரு மூலையில் சற்றே வளைந்திருந்தால் போதும், அந்த மேட்டில் தகடு காய்ந்து, கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் கருகிவிடும். விறகு நெருப்பை அணைக்கவும் முடியாது, எரியும் அடுப்பிலிருந்து தட்டத்தைத் தூக்குவதோ ஆபத்து. அதனால் சாறு இரண்டரை சென்டிமீட்டருக்கு இறங்கியதும் நிறுத்துங்கள். அப்போது 14 லிட்டர் இருக்கும், சர்க்கரை கால் பங்கை எட்டியிருக்கும். அதை வால்வால் வடித்து, உயரமான சட்டியில் கேஸ் அடுப்பில் ஏற்றி, அந்த நாளில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலைக்கு மேல் 4 டிகிரி வரும்வரை காய்ச்சுங்கள். அடர்த்திமானியில் 66 காட்டவேண்டும். குறைந்தால் புளிக்கும், 69ஐத் தாண்டினால் போத்தலின் அடியில் கற்கண்டு கட்டும். தட்டத்தில் சாறு வடிந்ததும் காயவிடாமல் உடனே புதுச் சாற்றையோ தண்ணீரையோ ஊற்றிவிடவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

இனி, நாற்பது ஐம்பது துளை போட்டிருக்கிறேன், ஒரே நாளில் 300, 400 லிட்டர் காய்ச்சுகிறேன் என்பவர்கள் உங்களில் ஒரு சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தடுப்பு பயன்படும். அடுப்பைச் சரிசெய்த பிறகு வையுங்கள். ஆனால் உடனே பற்றவைக்காதீர்கள். தட்டத்தின் உயரத்துக்கு வெட்டிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டைகளின் முனைகளை மடித்து, சுவரோடு இறுக்கிப் பொருந்தும்படி செருகி வைத்து ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள். அடியில் கொஞ்சம் கசியும், வரிசை அவ்வளவு கச்சிதமாக நிற்காது. இருந்தாலும் எத்தனை ஓடை வேண்டும், வாய்கள் எங்கே இருக்கவேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். கழற்றிக் கழுவவும் முடியும். சாறு தடிக்கும்போது அதிலுள்ள தாதுக்கள் மணல்போல் படியும். தடுப்புள்ள தட்டத்தில் அது கடைசி ஓடையிலேயே குவிந்து அடியில் ஒட்டி, அந்த இடத்தைக் கருகவைக்கும். பெரிய கொட்டகைக்காரர்கள் ஓட்டத்தின் திசையை அடிக்கடி மாற்றுவது இதற்காகத்தான். இருபக்கமும் வடிவாய் வைக்காமல், தகடுகளையும் நிரந்தரமாக ஒட்டிவிட்டால், அந்த மூலைகளைச் சுரண்டுவதிலேயே உங்கள் ஏப்ரல் போய்விடும். கடைசியில் பற்றவைப்பதுதான் என்று முடிவெடுத்தால், 304 தரத் தகடு, அதற்கேற்ற 308எல் நிரப்புக் கம்பி, ஆர்கன் வாயுவில் டிக் வெல்டிங், அதுவும் மெல்லிய தகட்டில் பழகிய கை. இல்லாவிட்டால் அடித்தகடு சூட்டில் நெளிந்து, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சமதளம் போய்விடும்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்த மடல். இதுவரை சொன்னதில் நீங்கள் எதையும் கேட்காவிட்டால் நட்டம் உங்கள் விறகும் உங்கள் தூக்கமும்தான். இதைக் கேட்காவிட்டால் நட்டம் பிள்ளைகளுக்கு.

பண்ணை ஏலங்களில் மலிவாகக் கிடைக்கும் பழைய தட்டங்களின் மூட்டுகளில் இருப்பது பெரும்பாலும் ஈயம் கலந்த பற்றாசு. சிலவற்றின் தகட்டின் மேலேயே ஈயப் பூச்சு உண்டு. மேப்பிள் கருவி செய்பவர்கள் 1990களின் நடுப்பகுதியை ஒட்டித்தான் ஈயத்தை விட்டு விலகினார்கள். அதற்கு முந்தையது எதுவானாலும் ஈயம் உண்டு என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி. துத்தநாகம் பூசிய பழைய வாளிகளும் இதில் சேர்த்தி, பழைய பித்தளை வால்வுகளும் சேர்த்தி. 'எத்தனை தலைமுறை இதில் காய்ச்சித் தின்றது, ஒன்றும் ஆகவில்லையே' என்று உங்களில் ஒருவர் சொல்லிக் கேட்டேன். அந்தத் தலைமுறைகளில் எந்தப் பிள்ளைக்கு இரத்தத்தில் ஈயம் பார்த்தார்கள்? ஈயம் பெரும்பாலும் வாந்தியாகவோ காய்ச்சலாகவோ தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. வளரும் மூளையில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது.

நம் வேலையில் அது இரட்டிப்பு ஆபத்து. தண்ணீர்தான் ஆவியாகும், ஈயம் ஆவியாகாது. வாளியிலும் தட்டத்திலும் சாற்றில் கரைந்தது அத்தனையும் பாகில் வந்து சேரும். 40 லிட்டரில் பரவிக் கிடந்தது ஒரு லிட்டரில் நிற்கும். வார நடுவில் காய்ச்ச நேரமில்லை என்று சாற்றைத் தட்டத்திலேயே விட்டுவைக்கிறீர்களே, அது மெல்லப் புளிக்கும்போது மூட்டுகளை இன்னும் அரிக்கும். பருவ முடிவில் மணல் போவதற்கு வினாகிரி ஊற்றி ஊறவைப்பது நல்ல தட்டத்துக்கு நல்லது. ஈய மூட்டுள்ள தட்டத்தில் அதுவே கேடு: மூட்டை மூடியிருந்த படிவைக் கரைத்து, ஈயத்தை அடுத்த பருவச் சாற்றுக்குத் திறந்துவிடும். புதுத் தட்டத்தில் தடுப்பு ஒட்ட மிச்ச ஈயக் கம்பியைத் தேடுபவரே, நீங்கள் இந்தக் கேட்டைப் புதிதாக உண்டாக்கப் போகிறீர்கள். அந்தக் கம்பியை நகராட்சியின் நச்சுக் கழிவு நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஈயமில்லாத பற்றாசும் கடையில் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது நேரடி நெருப்பின் மேல் நிற்குமா என்று யோசியுங்கள். தட்டம் ஒரு கணம் வறண்டாலே அந்த மூட்டு உருகி ஓடும்.

நீங்கள் காய்ச்சுவது உங்கள் வீட்டோடு நிற்பதில்லை. சித்திரைப் புத்தாண்டுக்குச் சொந்தக்காரர்களுக்கு ஒரு போத்தல், பிள்ளையின் ஆசிரியருக்கு ஒரு போத்தல், பக்கத்து வீட்டு வயதானவர்களுக்கு ஒரு போத்தல் என்று கொடுக்கிறீர்கள். அழகான பழக்கம். கடையில் வாங்கிய பாகுக்குப் பின்னால் ஒரு பரிசோதனை இருக்கிறது, ஒரு சட்டம் இருக்கிறது. நீங்கள் கொடுப்பதற்குப் பின்னால் உங்கள் சொல் மட்டும்தான் இருக்கிறது. அதை வாங்கும் யாரும் 'எந்தத் தட்டத்தில் காய்ச்சினீர்கள்?' என்று கேட்கப் போவதில்லை. கேட்கவேண்டியது நீங்கள்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்தக் கோடையில் தட்டத்தை விட்டுவிட்டு அடுப்பில் இறங்குங்கள். உங்கள் நகராட்சியின் திறந்தவெளி நெருப்பு விதிகளைப் படித்துவிட்டு, அக்டோபருக்குள் தண்ணீரை வைத்து ஒரு தரம் காய்ச்சி, மணிக்கு எத்தனை லிட்டர் என்பதை எழுதி வையுங்கள். அந்த எண்ணை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். யாருடைய தட்டத்தில் எத்தனை தடுப்பு என்பதைவிட அது உங்கள் எல்லாருக்கும் பயன்படும். சாறு சூடேற்றும் பாத்திரமும் வடிவாயும் வையுங்கள். அவ்வளவுக்குப் பிறகும் நேரம் போதவில்லை என்றால் தடுப்பைப் பற்றிப் பேசுவோம், நானே வந்து பட்டை பிடிக்கிறேன்.

ஏலத்தில் எடுத்த பழைய தட்டத்தை வைத்திருப்பவர்கள், மூட்டுகள் சாம்பல் நிறமாக மங்கி மென்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஈயம் காட்டும் சோதனைக் குச்சிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை மேற்பரப்பை மட்டும் காட்டும், ஆகவே சந்தேகம் தீரவேண்டுமானால் பாகையே ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். ஈயம் என்று தெரிந்தால் அந்தத் தட்டத்தை இன்னொருவருக்கு விற்காதீர்கள், 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று சொல்லிக்கூட விற்காதீர்கள். வாங்குபவர் அடுத்த மார்ச்சில் அதில் காய்ச்சுவார். பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். அதில் காய்ச்சிய பாகு இந்த வருடம் யார் யார் வீட்டுக்குப் போனதோ, அவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளை முதலில் கூப்பிடுங்கள், இன்றைக்கே.